பதினாறாயிரம் லிட்டர் கடுக்காய்த் தண்ணீர்

பசுமைக் கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பதினேழு பேர் சென்ற மாதம் எனக்கு எழுதியிருந்தீர்கள். பதினொரு பேரின் கேள்வி ஒன்றே: இத்தனை சதுர மீட்டர் கூரைக்கு எத்தனை லிட்டர் மழைநீர்த் தொட்டி? நான்கு பேர் மண் கல்லில் எவ்வளவு சிமெண்ட் கலப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒருவர் என் முழங்கால் வலியை விசாரித்திருந்தார். மீதி ஒருவர் கடிதத்தை முடிக்காமலே அனுப்பிவிட்டார்.

முழங்காலை விசாரித்தவருக்கு நன்றி. இடது தேவலை, வலது அப்படியே இருக்கிறது. தொட்டிக்கும் சிமெண்டுக்கும் அட்டவணைகள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணையை ஒரு லிட்டர் பிசகாமல் போட்ட ஒரு மனிதன், ஒரு தொட்டி நல்ல தண்ணீரை ஒரே மழையில் எப்படி மையாக்கினான் என்பதை நான் எழுதுகிறேன். அந்த மனிதன் நான்தான். முப்பத்தெட்டு ஆண்டு வேலையில் நான் செய்த தவறுகள் என்று என் குறிப்பேட்டில் அறுபத்திரண்டு இருக்கின்றன. இது ஐம்பத்தொன்பதாவது. அதாவது, அனுபவம் முற்றிய பிறகு செய்தது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஓர் அறக்கட்டளையின் பெண்பிள்ளைகள் விடுதிக்கு இரண்டு கட்டடங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். முதலாவது முடிந்து பிள்ளைகள் குடிவந்துவிட்டார்கள். இரண்டாவது சுவர் எழும்பிப் பூச்சுக்கு நின்றது. அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே சலித்து, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி எடுத்த கற்களால் கட்டிய சுவர். சூளையும் இல்லை, விறகும் இல்லை. பூச்சுக்குச் சுண்ணாம்பு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டு அதைக் குழைத்தால் வெடிப்பு விடாமல் இறுகும். கடுக்காய் அந்த மலையிலேயே கிடைக்கிறது. வெல்லம் கீழே கரும்பு விளையும் ஊர்களில் கிடைக்கிறது. மலைமேல் லாரி ஏறுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கொள்கை. நூற்றுப் பதினோரு நடை மிச்சம் என்று கணக்கு வைத்திருந்தேன். யாரும் கேட்காமலே அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

முதல் கட்டடத்தின் பெருமை அதன் தொட்டி. கூரை நூற்று நாற்பது சதுர மீட்டர். அதில் விழும் மழையெல்லாம் ஓரத்துத் தகரக் கால்வாய் வழியாக முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு வரும். விடுதியில் ஐம்பத்தெட்டு பிள்ளைகள், ஒரு வார்டன், ஒரு சமையல்காரம்மா. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர், நாளுக்கு முந்நூறு. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் தொட்டி கோடை முழுக்க வர வேண்டும். ஆகவே கூரை சுத்தமாக இருக்க வேண்டும். மாடிப்படி வைக்கவில்லை. ஓர் இரும்பு ஏணி மட்டும், அதற்குச் சங்கிலியும் பூட்டும். சாவி இரண்டு. இரண்டும் என் சட்டைப் பையில். ஏணியில் ஒரு பலகை: 'மேலே இருப்பது நம் கிணறு. ஏறாதீர்கள்.'

மழையின் முதல் தண்ணீரில் கூரைத் தூசியெல்லாம் வரும் என்பதால், முதல் இருநூற்றெண்பது லிட்டரை வெளியே தள்ள ஒரு குழாயும் வால்வும் வைத்திருந்தேன். ஒவ்வொரு மழைக்கும் ஏறக்குறைய ஒரு நாள் தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. மார்கழியில், கூரைதான் கழுவிவிட்டாற்போல இருக்கிறதே என்று அந்த வால்வை மூடினேன். மறுபடி திறக்க மறந்தேன். இது முதல் பிழை, குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டட வேலைக்குத் தண்ணீர் வேறு. பள்ளத்தில் ஊருக்குப் பொதுவான ஊற்றுக் கிணறு ஒன்று. கோடையில் அது மெதுவாகத்தான் ஊறும். ஊராரிடம் மூன்று முறை போய்ப் பேசி, நாளுக்கு ஒரு டிராக்டர் நடை, இரண்டாயிரம் லிட்டர், எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். அதற்கு மேல் ஒரு குடம்கூடக் கிடையாது என்று கண்டித்துச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பங்குனி பிறந்தது. பூச்சுக்காக மலை வீடுகளில் வாங்கி உடைத்து வைத்த கடுக்காய் பதினோரு மூட்டை. ஈரமாக இருந்தது, பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. கோவிந்தன் மேஸ்திரி, பாறைமேல் காய வைக்கலாம் என்றார். பாறையில் ஆடு வரும், செம்மண் பறக்கும் என்று நான் மறுத்தேன். அந்த மலையிலேயே சுத்தமான சமதளம் எது என்று யோசித்தேன். என் கூரை. நானே ஏணியைத் திறந்துவிட்டு, பதினோரு மூட்டையையும் மேலே பரப்பச் சொன்னேன்.

சுண்ணாம்பு குழைக்கும் அஞ்சலை மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். களமருதூர்ப் பக்கம், நிலமில்லாத கூலிக் குடும்பம். முப்பது வயதிருக்கும். கேட்கவேண்டியதை ஒரே ஒரு முறை கேட்பாள். என் குறிப்பேட்டைப் புரட்டி, போன பங்குனியில் மழை நாள் சுழியம் என்று காட்டினேன். அவள் குறிப்பேட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. கதவுக் கீல் முப்பத்தாறு வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். ஏணியைப் பூட்டினேன், இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். மாலை மூன்று நாற்பதுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரியிடமிருந்து போன்.

"சார், இங்க மழ ஊத்துது சார்."

"எவ்வளவு நேரமாக?"

"அர மணி இருக்கும். சார், மேல..."

"முற்றத்தில் மழை அளக்க ஒரு நேர்வாளி வைத்திருக்கிறேனே, அதில் எவ்வளவு நிற்கிறது, அளந்து சொல்லுங்கள்."

போய் அளந்து வந்தார். மூன்று சென்டிமீட்டர். மனக்கணக்கு ஓடியது. நாலாயிரத்து இருநூறு லிட்டர், பதினான்கு நாள் தண்ணீர். பங்குனியில் கேட்காமல் வந்த பதினான்கு நாள். மேஸ்திரி மறுபடியும், "சார், நான் இன்னா சொல்ல வர்றேன்னா..." என்று ஆரம்பித்தார். என் போனில் ஒன்பது விழுக்காடு சார்ஜ்தான் இருந்தது. மீதியை நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு இரண்டாவது தேநீரும் ஒரு மசால் வடையும் சாப்பிட்டேன். வழக்கமாக நான் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை.

ஞாயிறு காலை முதல் பேருந்தில் ஏறிப் போனேன். விடுதி வார்டன் மல்லிகா அம்மா, ரிஷிவந்தியத்துக்காரர், சமையலறை வாசலில் ஒரு சில்வர் டம்ளரோடு நின்றார். வணக்கம் சொல்லவில்லை. டம்ளரை நீட்டினார். உள்ளே இருந்தது மை. கடுக்காய்ச் சாறு துருப்பிடித்த தகரத்தில் பட்டால் அப்படித்தான் கறுக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கூரையைப் பார்த்தேன். நனைந்து ஊறிய கடுக்காய்த் துண்டுகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மழை வந்ததும் வேலையாட்கள் ஆறு பேர் ஏணியடிக்கு ஓடியிருக்கிறார்கள். பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். மேஸ்திரி போனில் சொல்ல வந்தது அதைத்தான்.

தொட்டியில் கோல் விட்டு அளந்தேன். பழையது பன்னிரண்டாயிரம், புதியது நாலாயிரம். பதினாறாயிரம் லிட்டர், அத்தனையும் கறுப்பு.

இதில் என்ன கலந்தது என்று வார்டன் கேட்டார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"வவ்வாலுன்னு சொல்லிடலாம் சார். மலையில வவ்வால் ஜாஸ்தி."

ஏழெட்டு விநாடி யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னைக் காப்பாற்ற நினைத்துத்தான் அவர் சொன்னார். ஆனால் வவ்வால் என்று சொன்னால், அந்தத் தொட்டியில் இனி எந்த ஆண்டும் எந்தப் பிள்ளையும் வாய் வைக்காது. கடுக்காய் என்றால், அது மலையில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற சரக்கு. என் மானம் போனாலும் தொட்டியின் மானம் மிஞ்சும். அவசரத்தில் சொல்லத் தோன்றும் பொய், நாளைக்கு அந்தக் கட்டடத்தை என்ன செய்யும் என்று ஒரு தரம் யோசித்துவிட்டு வாயைத் திறங்கள்.

சொன்னேன். கூரையில் காய வைக்கச் சொன்னது நான். வால்வை மூடியது நான். ஏணியைப் பூட்டியது நான்.

"சாவி யார்கிட்ட இருந்தது?"

"என்னிடம்."

"ரெண்டுமா?"

"இரண்டும்."

வார்டன் டம்ளரைத் திண்டில் வைத்தார். வரிசையில் சித்ரா என்று ஒரு பெண், பத்தாம் வகுப்பு, கையை உயர்த்தினாள்.

"சார், மூணு பரீட்ச பாக்கி கீதுன்னு இங்க் அனுப்பி வச்சீங்களா?"

ஐம்பத்தெட்டு பேரும் சிரித்தார்கள். வார்டன் திரும்பி முறைத்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவள் சொன்ன மூன்று பரீட்சைதான் விஷயமே.

பத்தாம் வகுப்பில் பதினான்கு பேர். பொதுத்தேர்வு இரண்டு தாள் முடிந்திருந்தது. மூன்று பாக்கி. கடைசித் தாளுக்கு இன்னும் பதினோரு நாள். கடுக்காய் விஷமில்லை என்று வார்டனும் ஒப்புக்கொண்டார். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கழுவும் தண்ணீரைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வைத்தியமாக ஒரு சிட்டிகை சாப்பிடுவது வேறு, நாள் முழுக்கக் குடிப்பது வேறு. மூடி வைத்த பழைய தண்ணீர் ஒரு டிரம் இருந்தது. ராத்திரிச் சமையலோடு அது தீர்ந்துவிடும்.

"நாலு மணி வரைக்கும் பாக்கறேங்க. அதுக்கு மேல பெத்தவங்களுக்குப் போன் போட்டுக் கூட்டிப்போகச் சொல்லிடுவேன். எனக்கு வேற வழி இல்லீங்க."

தேர்வுக்கு மட்டும் வந்து போக முடியாதா என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போனா வராதுங்க சார். இந்த மாசம் பாதிப் பேரு காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பறாங்க. பொண்ணு கையில கெடைச்சா அதையும் கூட்டிக்கினு போயிடுவாங்க. அங்க அதுவும் ஒரு கூலி."

காலை எட்டரை. என்னிடம் ஏழரை மணி நேரம் இருந்தது.

படிகாரம் போட்டோம். கொஞ்சம் தெளிந்தது, துவர்ப்பு போகவில்லை. வாளியில் மணலும் அடுப்புக்கரியும் அடைத்து வடிகட்டினோம். முதல் டம்ளர் தேநீர் நிறத்தில் வந்தது, எனக்கு உயிர் வந்தது. நான்காவது லிட்டரில் கரி களைத்துவிட்டது, மறுபடி மை. சுண்ணாம்பு கலந்து பார்த்தேன். இன்னும் கறுத்தது. கிணற்றிலிருந்து இரண்டாவது நடை கேட்கலாம் என்று பள்ளத்துக்கு இறங்கிப் போனேன். அங்கே இருபத்து மூன்று குடங்கள் வரிசையில் காத்திருந்தன. ஒரு பெண் கயிற்றை இழுத்து, பாதிக் குடத் தண்ணீர் மட்டுமே வந்ததைத் தன் குடத்தில் ஊற்றிவிட்டு மறுபடி வாளியை இறக்கினார். நான் அப்படியே திரும்பி மேலே ஏறிவிட்டேன்.

பதினொன்றரைக்கு என் மூளை நின்றுவிட்டது. மூளை நின்றபின் கை வேலை செய்யத் தொடங்குவது என் பழக்கம். தொட்டியைக் காலி செய்தாவது வைப்போம், மழை இன்னொன்று வந்தால் நல்ல தண்ணீர் பிடிக்கலாம் என்று கழிவு வால்வில் கையை வைத்தேன். ஒன்று சொல்கிறேன்: பதற்றத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும்போது பெரும்பாலும் கொட்டுவது, இடிப்பது, வெட்டுவது, இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்யும்.

அன்று ஞாயிறு என்றாலும் சுண்ணாம்புக் குழியைத் தினமும் கிளறியாக வேண்டும். அதற்காக அஞ்சலை வந்திருந்தாள். டிராக்டரும் வந்து, அன்றைய இரண்டாயிரம் லிட்டரை இறக்கத் தொடங்கியிருந்தது. அவள் மண்வெட்டியை ஊன்றி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், தொறந்து வுடப் போறீங்களா?"

வேறு என்ன செய்வது என்று கேட்டேன். அவள் தன் குழியைக் காட்டினாள். ஊற்றுக் கிணற்றின் தண்ணீர், கண்ணாடி போல, குழாயிலிருந்து குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. குழியில் முந்தைய வாரக் கடுக்காய் கறுப்பாக மிதந்தது.

"நல்ல தண்ணிய கடுக்காத் தண்ணி ஆக்கறதுக்கு நான் இங்க நின்னுக்கினு இருக்கேன். கடுக்காத் தண்ணிய நல்ல தண்ணி ஆக்கறதுக்கு நீங்க அங்க நின்னுக்கினு இருக்கீங்க. மாத்திக்கினா ரெண்டு பேருக்கும் வேல கம்மி."

வால்விலிருந்து கையை எடுத்தேன். டிராக்டர் குழாயை மூடச் சொல்லிக் கத்தினேன்.

உங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்கலாம். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என்னிடம் இரண்டு குறிப்பேடுகள் இருந்தன. ஒன்றில் விடுதித் தண்ணீர், இன்னொன்றில் கட்டடத் தண்ணீர். இரண்டிலும் தினமும் எழுதினேன், இரண்டிலும் பிழை கிடையாது. விடுதியேட்டில் ஒரு பிள்ளை கூடுதலாக ஒரு சொம்பு எடுத்தால் எனக்குத் தெரியும். அடுத்த ஏட்டில், குடிக்கத் தகுந்த தண்ணீர் நாளுக்கு இரண்டாயிரம் லிட்டர் மண்ணிலும் சுண்ணாம்பிலும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஏட்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த மலையில் தண்ணீரை மிச்சப்படுத்தத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு வேறு.

மேஸ்திரிக்குச் சந்தேகம். துருவும் சேர்ந்த தண்ணீர், சுவர் நிறம் மாறும் என்றார். முதல் பூச்சுக்கு மட்டும் விடுவோம், மேல்பூச்சு நல்ல தண்ணீரில், நிறம் உள்ளே மறைந்துவிடும் என்றேன். அஞ்சலை தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ரொம்பத் தண்ணியா கீது. இன்னும் நாலு மூட்ட போட்டாத்தான் சார் பூச முடியும்."

அறுபது பேரை மிரட்டிய தண்ணீர், அவளுக்குப் போதாத கஷாயம். கழிப்பறைப் பின்சுவரில் ஒரு சதுர மீட்டர் பூசிப் பார்த்தோம். சுண்ணாம்பு அன்றைக்கே இறுகாது, முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆகும். காத்திருக்க நேரமில்லை. அங்கேதான் நான் ஒரே ஒரு நல்ல முடிவு எடுத்தேன். பூச்சு கெட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். அந்தச் செலவு என் தலையில். பரீட்சை போனால் சுரண்டி எடுக்க ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் சந்தேகம் இருக்கும்போது, எந்தப் பக்கத் தவறைத் திருத்த முடியுமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி. கட்டடத்துக்கு என்று சொல்லி வாங்கிய தண்ணீரைப் பிள்ளைகளுக்குத் திருப்புவதை ஊராரிடம் சொல்லாமல் செய்யக்கூடாது. வார்டனும் நானும் பள்ளத்துக்கு இறங்கினோம். கிணற்றடியில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். இனி தினம் ஒரு நடை வேண்டாம், பிள்ளைகளுக்கு நாளுக்கு முந்நூறுதான், ஆறு நாளைக்கு ஒரு நடை போதும் என்று கணக்குச் சொன்னேன். மீதி ஐந்து நாளும் கிணறு உங்களுக்கே. பாதிக் குடம் இழுத்த அதே பெண்மணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ இத்தினி நாளா எதுக்கு மொண்டுக்கினு போனீங்க?"

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் காத்திருக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, வார்டன் பக்கம் திரும்பி, இந்தக் கணக்குப் போடத்தான் கீழேயிருந்து இன்ஜினியரைக் கூட்டி வந்தீர்களா என்று விசாரித்தார். வார்டன் முகத்தைப் பார்க்காமல் மேலே ஏறினேன்.

மணி மூன்று இருபது. கட்டட வேலையிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளைப் பிள்ளைகள் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, சமையலறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். டிராக்டரில் மிச்சமிருந்த தண்ணீரை நிரப்பினோம். காய்ச்சி ஆற வைத்த முதல் டம்ளரை வார்டனிடம் கொடுத்தேன். அவர் கையில் பெற்றோர் போன் எண்கள் எழுதிய தாள் இருந்தது. குடித்தார். தாளை நான்காக மடித்தார்.

"அப்போ நாளைக்கு இட்லிக்கு ஊறப்போடச் சொல்லிடட்டுங்களா?"

அந்தக் கறுத்த தண்ணீர் ஒன்பது நாளில் தீர்ந்தது. அத்தனையும் சுவருக்குள் போயிற்று. முதல் பூச்சு யானைத்தோல் நிறத்தில் இருந்தது. பிள்ளைகள் வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டு மாதம் கழித்து வெடிப்புத் தேடினேன். மொத்தக் கட்டடத்திலும் ஒன்றே ஒன்று, ஏழு அங்குலம், மயிரிழை. அதுவும் என் மேற்பார்வையில் பூசிய சுவர். அஞ்சலையிடம் சொல்லவில்லை. அவள் முன்பே பார்த்திருந்தாள்.

காலியான தொட்டியைக் கழுவினோம். முதல் தண்ணீரை வெளியே தள்ளும் வால்வைத் திறந்து, யாரும் மூட முடியாதபடி கைப்பிடியைக் கழற்றினேன். யாரும் என்றால் நான். மிஞ்சிய மண் கற்களில், கூரைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், காய வைக்க ஒரு மேடை கட்டினோம். சாவி ஒன்று வார்டனிடம், ஒன்று சமையல்காரம்மாவிடம். மேஸ்திரி போன் செய்தால் அவர் சொல்லி முடிக்கும்வரை நான் எண் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். இதில் மட்டும் அவ்வப்போது தவறியிருக்கிறேன்.

நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் முதல் நாளே ஒரு காரியம் செய்யுங்கள். அங்கே இருக்கிற எல்லாத் தண்ணீரையும் ஒரே தாளில் எழுதுங்கள்: எங்கிருந்து வருகிறது, யார் குடிக்கிறார்கள், எது எங்கே அழுக்காகிறது. பிறகு அந்தத் தாளை, அங்கே கையில் தண்ணீர் தொட்டு வேலை செய்கிறவரிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால் கோபப்படாதீர்கள். ஏன் சிரித்தார் என்று கேளுங்கள்.

கடைசித் தேர்வு நாளன்று நான் விடுதி வாசலில் நின்றேன். வேலை ஒன்றும் இல்லை, கீல்கள் சரியாக ஆடுகின்றனவா என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கு மேல் பிள்ளைகள் மேட்டில் ஏறி வந்தார்கள். எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன், பதின்மூன்றுதான். கால்மணி கழித்துச் சித்ரா தனியாக வந்தாள். வழியில் ஒருத்தர் போனை வாங்கி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாளாம். எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"காப்பித் தோட்டத்துல சார். எல்லாரும் போயிட்டாங்க."

"எப்போது?"

"தண்ணி கறுப்பாச்சே, அந்த ஞாயித்துக்கெழம. சாயங்கால வண்டிக்கு. என்னையும் கூட்டிக்கினு போலாமான்னு வார்டனம்மாவுக்கு அஞ்சு மணிக்குப் போன் போட்டாராம். பொண்ணு படிச்சிக்கினு கீது, கூப்புடாதீங்கன்னு சொல்லிட்டாங்களாம். வூட்டப் பூட்டிக்கினு போயிட்டாங்க."

வார்டன் இதை என்னிடம் சொல்லவே இல்லை. நாலு மணிக்கு முன்னால் தாளை மடித்தவர், ஐந்து மணிக்குத் தானாக வந்த போனிலும் அசையவில்லை.

தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்டேன். தாகமாக இருக்கிறது, குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சமையலறைப் பக்கம் போனாள். பிளாஸ்டிக் தொட்டிக் குழாயில் பிடித்து, ஒரு டம்ளர் குடித்தாள். இரண்டாவது குடித்தாள். மூன்றாவதைப் பாதி குடித்துவிட்டு, மீதியை முகத்தில் வாரி அடித்து, டம்ளரை உதறிக் கவிழ்த்தாள். கால் லிட்டருக்குக் குறையாமல் தரையில் போயிற்று. நான் பார்த்தேன். அதை விடுதியேட்டில் எழுதவில்லை.